நேற்றைய உயரம்



அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. விடைத்தாள்கள் கைக்கு வந்துவிட்டன. பொதுத்தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மாலைப்பொழுதை எனக்குத் தந்திருக்கிறீர்கள். அதை வீணாக்காமல் நேரே பொருளுக்கு வருகிறேன். இன்று நான் பேச வந்தது, பிறரோடு போடும் போட்டியைப் பற்றி அன்று. தன்னோடு தானே போடும் போட்டியைப் பற்றி.

இப்படிச் சொன்னவுடன் சிலருடைய மனத்தில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். 'இது தோற்றுப்போனவர்களுக்குச் சொல்லும் ஆறுதல். முதலிடம் கிடைக்காத பிள்ளையின் முதுகைத் தட்டி வீட்டுக்கு அனுப்பும் பேச்சு.' அப்படி ஓர் எண்ணம் இருந்தால், தயவுசெய்து அரைமணி நேரம் அதை ஒதுக்கி வையுங்கள். போட்டிகளிலேயே கடினமானது எது என்று கேட்டால், தன்னோடு போடும் போட்டி என்றுதான் நான் சொல்லுவேன். ஏன் அப்படிச் சொல்கிறேன்? ஒரு விளையாட்டு மைதானத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

கோல் ஊன்றித் தாண்டும் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நீண்ட கோலைத் தூக்கிக்கொண்டு வீரர் ஓடி வருவார். கோலின் நுனியைக் குழியில் ஊன்றுவார். கோல் வில்லாக வளையும், பிறகு நிமிரும், நிமிர்கிற வேகத்தில் அவரை மேலே தூக்கிவிடும். உச்சியில் ஒரு குறுக்குக் கம்பி. அதைத் தட்டாமல் அந்தப் பக்கம் விழ வேண்டும். நாம் பார்ப்பது அவ்வளவுதான். ஆனால் அந்தப் போட்டியின் விதிகளை ஊன்றிக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலான பந்தயங்களில் காண முடியாத சில விதிகள் அதில் இருக்கின்றன.

எந்த உயரத்திலிருந்து தாண்டத் தொடங்குவது என்பதை அந்தந்த வீரரே முடிவு செய்யலாம். ஒரு உயரத்தைத் தாண்டாமல் விட்டுவிட்டு அடுத்த உயரத்துக்குப் போகலாம். தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டும். ஒவ்வொருவராக வெளியேறி, கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சுவார். அவர் வென்றுவிட்டார். தங்கம் அவருக்குத்தான். நூறு மீட்டர் ஓட்டமாக இருந்தால் கதை அங்கே முடிந்தது. கோட்டை முதலில் தொட்டவர் கொடியைப் போர்த்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவார். கோல் ஊன்றித் தாண்டுவதில் கதை அங்கே முடிவதில்லை. எதிராளி யாருமே இல்லாத அந்த நிலையில், வென்றவர் நடுவரிடம் போய், கம்பியை இன்ன உயரத்தில் வையுங்கள் என்று கேட்கலாம். உயரத்தை அவர்தான் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் அந்த உரிமை இல்லை.

2024 ஆகஸ்ட் 5. பாரிஸ் ஒலிம்பிக். ஸ்வீடனின் அர்மாண்ட் டுப்ளாண்டிஸ் 6.00 மீட்டர் தாண்டினார். அமெரிக்காவின் சாம் கெண்ட்ரிக்ஸ் 5.95-இல் நின்றுவிட்டார். கிரீஸ் நாட்டின் இம்மானுவில் கராலிஸ் 5.90-இல் நின்றுவிட்டார். தங்கம் உறுதி. அந்த நொடியில் டுப்ளாண்டிஸ் கோலைக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தால் யாராவது குறை சொல்லியிருப்பார்களா? ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. கம்பியை 6.10-க்கு உயர்த்தச் சொன்னார்; தாண்டினார். அது ஒலிம்பிக் சாதனை. பிறகு 6.25-க்கு உயர்த்தச் சொன்னார். அதுவரை உலகத்தில் எவரும் தாண்டாத உயரம். அதற்கு முந்தைய உலக சாதனையும் 6.24 என்று அவர் பெயரிலேயே இருந்தது. முதல் முறை தவறினார். இரண்டாம் முறை தவறினார். மூன்றாம் முறை ஓடி வந்தார். தாண்டிவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், அந்த மூன்று முயற்சிகளிலும் அவர் யாரோடு போட்டியிட்டார்? கெண்ட்ரிக்ஸோடா? கராலிஸோடா? அவர்கள் இருவரும் பக்கத்தில் நின்று அவரை உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவருக்கு எதிரே இருந்தது அவருடைய நேற்றைய உயரம் ஒன்றே. அந்த எதிரிக்குக் கால் சுளுக்காது. தடுமாறி விழாது. காய்ச்சல் வராது. 'அவன் இன்று சரியாகத் தாண்டவில்லை, அதனால் நான் பிழைத்தேன்' என்று சொல்ல வழியே இல்லை. பிறரோடு போடும் போட்டியில் நாம் உயராமலே வெல்ல முடியும், பிறர் சறுக்கினால் போதும். தன்னோடு போடும் போட்டியில் அந்தக் குறுக்கு வழி அடைபட்டுவிடுகிறது. அதனால்தான் இதைக் கடினமானது என்றேன்.

2020 பிப்ரவரியில் போலந்து நாட்டின் டோருன் நகரில் 6.17 மீட்டர் தாண்டி முதன்முதலாக உலக சாதனை படைத்தார் டுப்ளாண்டிஸ். 2025 செப்டம்பரில் டோக்கியோவில் 6.30 தாண்டினார். இடையில் என்ன நடந்தது? ஒவ்வொரு முறையும் ஒரு சென்டிமீட்டர். 6.17, 6.18, 6.19 என்று அப்படியே பதினான்கு முறை, பதினான்கு சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு? உங்கள் சுண்டுவிரலின் அகலம். ஐந்தரை ஆண்டுக் காலம், உலகத்திலேயே மிகச் சிறந்த வீரர் ஒருவர், சுண்டுவிரல் அகலம் சுண்டுவிரல் அகலமாகத் தன்னைத் தாண்டிப் போயிருக்கிறார். மாணவச் செல்வங்களே, கணக்கில் போன தேர்வைவிட மூன்று மதிப்பெண் கூடியிருக்கிறது என்றால், 'வெறும் மூன்றுதானா' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். பெற்றோர்களே, நீங்களும் பிதுக்காதீர்கள்.

இந்த வழியை அவருக்கு முன்பே நடந்து காட்டியவர் செர்கேய் புப்கா. இன்றைய உக்ரைன் நாட்டின் லுஹான்ஸ்கில் பிறந்தவர். 1983-இல் ஹெல்சிங்கியில் நடந்த முதல் உலக தடகளப் போட்டியில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 19. 1985 ஜூலை 13 அன்று பாரிஸ் நகரில் 6.00 மீட்டரைத் தாண்டினார். மனிதர் ஒருவர் அந்த உயரத்தைத் தாண்டியது அதுதான் முதல் முறை. திறந்தவெளியில் 17 முறை, உள்ளரங்கில் 18 முறை, ஆக 35 முறை உலக சாதனையைப் புதுப்பித்தார். பெரும்பாலும் அழித்தது தன்னுடைய பழைய சாதனையைத்தான்.

இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு உலக சாதனைக்கும் பரிசுத்தொகை உண்டு. ஒரே மூச்சில் ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தினால் பரிசு ஒன்று. ஒவ்வொரு சென்டிமீட்டராக உயர்த்தினால் பரிசு ஐந்து. புப்கா பணத்துக்காகவே சென்டிமீட்டர் கணக்கில் ஏறினார் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. அதனால் என்ன? பரிசு அவரை அழைத்திருக்கலாம். கம்பிக்கு மேலே தூக்கிவிடுவது பரிசு ஆகுமா? தன்னோடு போட்டியிடுபவர் துறவியாக இருக்க வேண்டும் என்று யாரும் விதி எழுதவில்லை. கூலி வாங்கட்டும், புகழ் வாங்கட்டும். எந்த அளவுகோலால் தன்னை அளந்துகொள்கிறார் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

அதே புப்கா ஒரு நாள் ஒன்றுமே இல்லாமல் வெளியேறினார். அந்த நாளைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1992-ஆம் ஆண்டு. ஜூன் 13-இல் பிரான்ஸ் நாட்டில் 6.11 தாண்டினார், உலக சாதனை. ஆகஸ்ட் 7-இல் பார்சிலோனா ஒலிம்பிக் இறுதிப் போட்டி. உலகம் முழுவதும் தங்கம் அவருக்கே என்று நினைத்திருந்தது. மூன்று முயற்சி. மூன்றும் தவறின. ஒரு உயரத்தைக்கூடத் தாண்டவில்லை. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே உயரம் என்று எழுத எதுவும் இல்லை. உலக சாதனையாளர், நடப்பு ஒலிம்பிக் சாம்பியன், கையை விரித்துக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே போனார். ஒரு மனிதரை உடைத்துப் போட இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆகஸ்ட் 30-இல் இத்தாலியின் பாதுவா நகரில் 6.12 தாண்டினார். புதிய உலக சாதனை. செப்டம்பர் 19-இல் டோக்கியோவில் 6.13. மீண்டும் உலக சாதனை. பார்சிலோனாவுக்குப் பிறகு இருபத்து மூன்று நாள். அதற்குள் அவர் தன் வாழ்நாளில் திறந்தவெளியில் அதுவரை தொடாத உயரத்தைத் தொட்டுவிட்டார். அவருடைய மனத்துக்குள் என்ன இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். கணக்கு மட்டும் நமக்குத் தெரிகிறது. பார்சிலோனாவில் பதக்கம் போனது, 6.11 போகவில்லை. அந்த 6.11 அவருடைய கால்களிலும் தோள்களிலும் அப்படியே இருந்தது. பிறர் கையால் தருவது பதக்கம். பிறர் கையால் தருவதை ஒரு மாலைப்பொழுது பறித்துக்கொள்ளலாம். தான் சேர்த்து வைத்த உயரத்தை அவ்வளவு எளிதில் பறிக்க முடியாது.

இவ்வளவு நேரம் ஸ்வீடன், உக்ரைன் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். இப்போது நம் சேலம் மாவட்டத்துக்கு வாருங்கள். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை இந்த மன்றத்தில் அறியாதவர் இருக்க மாட்டீர்கள். ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலது காலில் பாதிப்பு. தாயார் காய்கறி விற்று வளர்த்த பிள்ளை. 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஊரே கொண்டாடியது. 2021-இல் டோக்கியோவில் 1.86 தாண்டினார், வெள்ளி. 2024-இல் பாரிஸில் 1.85 தாண்டினார், வெண்கலம்.

தங்கம், வெள்ளி, வெண்கலம். பதக்கத்தின் நிறத்தை மட்டும் பார்க்கிறவர் என்ன சொல்லுவார்? 'மாரியப்பன் படிப்படியாக இறங்கிவிட்டார்' என்பார். உயரத்தைப் பாருங்கள். எட்டு ஆண்டுகளில் ஏற்பட்ட வித்தியாசம் எவ்வளவு? நான்கு சென்டிமீட்டர். இருபத்தோரு வயதில் தாண்டிய உயரத்தை, இருபத்தொன்பது வயதிலும் நான்கு விரல் அகலத்துக்குள் பிடித்து வைத்திருக்கிறார். அதே 2024-ஆம் ஆண்டு மே மாதம், ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம் வென்றிருக்கிறார். ரியோவின் உயரத்துக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைவு!

இந்த 1.88 என்ற எண்ணைக் கொஞ்சம் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். டோக்கியோ பாராலிம்பிக்கில் அமெரிக்க வீரர் சாம் க்ரூ தாண்டியது 1.88. அன்று அது தங்கம். கோபேயில் மாரியப்பன் தாண்டியது 1.88. அன்றும் அது தங்கம். பாரிஸில் நம் நாட்டின் சரத் குமார் தாண்டியதும் அதே 1.88. அன்று அது வெள்ளி; ஏனென்றால் எஸ்ரா ஃப்ரெக் என்ற அமெரிக்க வீரர் 1.94 தாண்டிவிட்டார். உயரம் ஒன்று, ஈர்ப்பு விசை ஒன்று, பட்ட பாடு ஒன்று. நிறம் மட்டும் வேறு. நிறத்தை முடிவு செய்தவர் யார்? பக்கத்தில் தாண்டியவர். பதக்கத்தின் நிறம் பிறரைப் பற்றியும் பேசும். உயரம் தாண்டியவரைப் பற்றி மட்டுமே பேசும். இன்று மாலை நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான், அது இதுதான். மிச்சமெல்லாம் இதற்கு விளக்கம்.

இதை நம் வீட்டுக்குள் கொண்டுவருவோமா?

பிள்ளை பள்ளியிலிருந்து வருகிறது. 'அம்மா, அறிவியலில் எண்பத்திரண்டு' என்கிறது. நம் வாயில் முதலில் வரும் கேள்வி என்ன? 'பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு?' அந்தக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்துத்தான் நம் முகம் மலர்வதும் சுருங்குவதும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுபது என்றால் நம் பிள்ளைக்குப் பாராட்டு. தொண்ணூறு என்றால் திட்டு. நம் பிள்ளை எழுதிய விடைத்தாளில் ஒரு எழுத்தும் மாறவில்லை. எண்பத்திரண்டு அப்படியேதான் இருக்கிறது. பாராட்டும் திட்டும் மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து வருகின்றன. அந்தப் பிள்ளை இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்? தன் உழைப்புக்கும் தனக்குக் கிடைக்கும் அன்புக்கும் தொடர்பு இல்லை என்று கற்றுக்கொள்ளும். அடுத்தவன் வழுக்கி விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளக் கற்றுக்கொள்ளும். வள்ளுவர் அழுக்காறாமைக்கென்று ஒரு தனி அதிகாரமே வைத்தார். நாம் அந்த அதிகாரத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, வீட்டில் பொறாமைக்குப் பாலூட்டி வளர்க்கிறோம்.

தமிழ்நாட்டு அரசு 2017 மே மாதத்தில் ஒரு முடிவு எடுத்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அதற்கு முன்பெல்லாம் முடிவு வரும் நாள் எப்படி இருக்கும், நினைவிருக்கிறதா? மூன்று பிள்ளைகளின் வாயில் இனிப்பு ஊட்டும் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வரும். மூன்று பேர் மகிழ, பல லட்சம் பேர் தங்களை ஏதோ குறைந்தவர்களாக நினைத்துக்கொண்டு தலைகுனிந்த நாள் அது. அந்தப் பட்டியலை நிறுத்தியது நல்ல காரியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அரசு நிறுத்திய பட்டியலைப் பல வீடுகள் இன்னும் நிறுத்தவில்லை. சுவரொட்டியிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் அது தினமும் வெளியாகிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு தந்தையின் கேள்வி எனக்குக் கேட்கிறது. 'ஐயா, நீங்கள் பேசுவது கேட்க நன்றாக இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் இருக்கிற இடம் கொஞ்சம், கேட்கிறவர்கள் பல லட்சம். ரேங்க் இல்லாமல் எப்படி?' நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். இடம் குறைவாக இருக்கும்வரை வரிசை இருக்கும். கட்-ஆஃப் இருக்கும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ரேங்க் என்பது எப்படி உருவாகிறது என்று பாருங்கள். 2024-இல் நீட் தேர்வு முடிவு முதலில் வெளியானபோது 67 பேர் 720-க்கு 720 எடுத்து முதலிடத்தில் இருந்தார்கள். பிறகு திருத்திய பட்டியலில் அந்த எண்ணிக்கை குறைந்தது. அந்த ஆண்டு, முந்தைய ஆண்டில் நல்ல ரேங்க் கொடுத்த மதிப்பெண்ணை எடுத்த பல பிள்ளைகள், எங்கோ பின்னால் தள்ளப்பட்டார்கள். அவர்கள் குறைவாகப் படித்தார்களா? இல்லை. அவர்களுக்கு முன்னால் நின்ற கூட்டம் பெருத்துவிட்டது. ரேங்க்கில் ஒரு பாதியை எழுதுவது உங்கள் பிள்ளை; மறு பாதியை எழுதுவது முகம் தெரியாத பல லட்சம் பேர். அந்த மறு பாதியை உங்கள் பிள்ளை இரவெல்லாம் விழித்தாலும் திருத்த முடியுமா? முடியாது. கையில் இருக்கும் பாதி எது? சென்ற வாரம் தவறாகப் போட்ட கணக்கு. இரண்டு முறை படித்தும் புரியாத வேதியியல் பாடம். வேண்டியது அந்தக் கணக்கையும் அந்தப் பாடத்தையும் ஒரு கை பார்ப்பதுதான். வரிசையில் முன்னால் போவதற்கும் அதைவிட வேறு வழி இல்லை.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு கேளுங்கள். தன்னோடு போட்டி என்பதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. இதைச் சொல்லாமல் போனால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன்.

ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரி. சைக்கிள் வீரர். சைக்கிள் பந்தயத்தில் 'ஒரு மணி நேர சாதனை' என்று ஒன்று உண்டு. ஓடுதளத்தில் தனி ஆளாக ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். எவ்வளவு தூரம் போனார் என்பதே கணக்கு. பக்கத்தில் எவரும் கிடையாது. கடிகாரமும் தன் கால்களும் மட்டுமே. இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் 1984-இல் 51.151 கிலோமீட்டர் ஓட்டியதுதான் ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நின்றது. ஓப்ரியிடம் பெரிய பண உதவி இல்லை. சைக்கிளைத் தானே வடிவமைத்தார். ஒரு பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் பேரிங்கை எடுத்து அதில் பொருத்தினார்.

1993 ஜூலை 16. நார்வே நாட்டின் ஹாமர் நகரம். ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓட்டினார். சாதனை கிட்டவில்லை. அப்படி ஒரு மணி நேரம் ஓட்டியவருடைய உடல் மறுநாள் எழுந்து நடக்கவே தயங்கும். ஓப்ரி அன்று மாலையே சொன்னார்: நாளை காலை மீண்டும் ஓட்டுகிறேன். இரவு நிறையத் தண்ணீர் குடித்தார். எதற்குத் தெரியுமா? அடிக்கடி எழுந்து கழிப்பறை போக வேண்டியிருக்கும். எழும்போதெல்லாம் கால்களை நீட்டி மடக்கலாம், தசை இறுகிப்போகாது. மறுநாள் ஜூலை 17 காலை, தான் செய்த அந்தப் பழைய சைக்கிளிலேயே ஏறினார். 51.596 கிலோமீட்டர். உலக சாதனை! ஆறே நாளில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் 52.270 ஓட்டி அதை முறியடித்தார். அடுத்த ஆண்டு ஓப்ரி அதைத் திரும்பப் பிடித்தார்.

இங்கேயே நிறுத்தினால் கைதட்டலுக்கு நன்றாக இருக்கும். நான் நிறுத்தப்போவதில்லை. ஓப்ரி பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே எழுதினார். அதில் ஒளிவுமறைவு இல்லை. நெடுங்காலம் மன நோயோடு போராடியதையும், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதையும், தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் தன்னை அரித்ததையும் வெளிப்படையாகச் சொன்னார். உலகமே வியந்த அந்தக் கால்களை ஓட வைத்ததில் அந்த வேதனைக்கும் பங்கு இருந்தது. உதவியும் சிகிச்சையும் கிடைத்து அவர் மீண்டு வந்தார். இன்று மன நலத்தைப் பற்றித் துணிந்து பேசும் மனிதர்களில் அவரும் ஒருவர். சாதனையைவிடப் பெரிய சாதனை என்று நான் அதைத்தான் சொல்லுவேன்.

அன்புப் பிள்ளைகளே, தன்னோடு போட்டி போடுவது வேறு. தனக்குத் தானே பகையாவது வேறு. 'நேற்று இங்கே தவறினேன், இன்று இதைச் சரிசெய்வேன்' என்பது போட்டி. 'நான் எதற்கும் லாயக்கில்லை, என்னை நிரூபித்தே ஆக வேண்டும்' என்பது பகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இரண்டு பேருமே விடியற்காலையில் எழுந்து படிப்பார்கள். ஒருவன் தவறிய கணக்கைப் பார்த்து, எங்கே தவறினேன் என்று தேடுவான். மற்றவன் அதே கணக்கைப் பார்த்து, தன்னைத் தானே வைவான். உங்களுக்குள் கேட்கும் குரல் இரண்டாவது வகையாக இருந்தால், அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள், நண்பனிடம் சொல்லுங்கள். 104, 14416 என்ற தொலைபேசி உதவி எண்களிலும் இதற்கு ஆலோசனை கிடைக்கும். கட்டணம் இல்லை, கூப்பிடத் தயங்க வேண்டாம். பெற்றோர்களே, பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்துவிட்டால், 'படிப்பில் மூழ்கிவிட்டான்' என்று பெருமைப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள்.

கோல் ஊன்றித் தாண்டுவதின் முதல் விதி நினைவிருக்கிறதல்லவா? தொடங்கும் உயரத்தை வீரரே சொல்லலாம். நமக்கும் அந்த உரிமை உண்டு. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஐயா ஒருவர் இந்த மன்றத்தில் இருக்கலாம். முப்பது வயதில் ஓடிய ஓட்டத்தோடு இன்று அவர் போட்டியிட வேண்டியதில்லை. போன வாரம் தெருமுனைவரை நடந்தாரா? இந்த வாரம் கோயில்வரை நடக்கட்டும். காய்ச்சலில் ஒரு மாதம் பள்ளிக்கு வராத பிள்ளை, காய்ச்சலுக்கு முந்தைய மதிப்பெண்ணோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. படுக்கையிலிருந்து எழுந்த நாளிலிருந்து அளக்கட்டும்.

இன்னொரு சந்தேகம் வரும். தன்னோடு மட்டுமே போட்டி என்றால் பிறர் எதற்கு? தனித்தீவாகிவிட மாட்டோமா? அப்படி ஆக வேண்டியதில்லை, உண்மையில் நடப்பது நேர்மாறாக இருக்கிறது. 2014 பிப்ரவரி 15 அன்று உக்ரைனின் தோனெட்ஸ்க் நகரில், பிரான்ஸ் வீரர் ரெனோ லாவிலெனி 6.16 மீட்டர் தாண்டினார். அதே நகரில் 1993-இல் புப்கா உள்ளரங்கில் தாண்டிய 6.15 என்ற சாதனை, ஏறக்குறைய இருபத்தோரு ஆண்டுகள் நின்ற சாதனை, அன்று வீழ்ந்தது. புப்கா எங்கே இருந்தார்? அதே அரங்கத்தில் இருந்தார். தன் சாதனை தன் கண்ணெதிரே, தான் அதைப் படைத்த ஊரிலேயே முறியடிக்கப்பட்டதைப் பார்த்தார். எழுந்து போய் லாவிலெனியைக் கட்டித் தழுவினார். பின்னாளில் அந்த லாவிலெனியின் சாதனையைத்தான் டுப்ளாண்டிஸ் ஒரு சென்டிமீட்டரில் கடந்தார். தன் உயரத்தோடு மோதத் தெரிந்தவர்களுக்குப் பக்கத்தில் தாண்டுகிறவர் எதிரியாகத் தெரிவதில்லை. அவரிடம் போய், கோலை எங்கே பிடிக்கிறாய், எத்தனை அடி ஓடி வருகிறாய் என்று கூச்சமில்லாமல் கேட்க முடிகிறது. வகுப்பில் முதல் மாணவியிடம் போய், இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடு என்று எத்தனை பேரால் கேட்க முடிகிறது? கேட்க முடியாமல் தடுப்பது எது?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோளை வைத்து முடித்துக்கொள்கிறேன். காலாண்டுத் தேர்வின் விடைத்தாளும் அரையாண்டுத் தேர்வின் விடைத்தாளும் பிள்ளைகளிடம் இருக்கும். இல்லாவிட்டால் உங்கள் அலமாரியில் இருக்கும். அடுத்த வாரத்தில் ஒரு பாடவேளையை அதற்காக ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடைய இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். எந்தத் தவறு காலாண்டில் இருந்து அரையாண்டில் காணாமல் போயிருக்கிறது? எந்தத் தவறு இரண்டிலும் இருக்கிறது? புதிதாக எது முளைத்திருக்கிறது? மூன்றையும் தன் கையாலேயே நோட்டில் எழுதட்டும். மொத்த மதிப்பெண்ணை அந்த வேளையில் யாரும் கேட்க வேண்டாம்; பலகையில் எழுதவும் வேண்டாம். இரண்டு தாளிலும் இருக்கும் தவறுகளை மட்டும் வகுப்பு முழுவதுக்கும் தொகுத்துப் பாருங்கள். பாதி வகுப்பு ஒரே இடத்தில் தவறியிருந்தால், அந்தப் பாடத்தை நாம் மீண்டும் நடத்த வேண்டும். பெற்றோர்களே, அந்த நோட்டைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டு வந்தால், காணாமல் போன தவறுகளின் பட்டியலை முதலில் படியுங்கள். சத்தமாக, பிள்ளையின் காதில் விழும்படி படியுங்கள். மற்ற இரண்டு பட்டியலையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.